தேதி கிழிக்க மறுப்பவர்கள்

சிவகாசி வட்டாரத்தில் புத்தாண்டு ஆடி மாதத்திலேயே பிறந்துவிடும். ஆடிப்பெருக்கு நாளில் பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்குள்ள அச்சகங்களின் வழக்கம். நடப்பாண்டின் தினசரித் தாள்கள் அப்போது ஐந்து மாதக் கனத்தோடு அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கும். 'இது தீரட்டும், பிறகு யோசிக்கலாம்' என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. சொன்னால் மார்கழியில் கையில் சரக்கிருக்காது.

திருத்தங்கலில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சிறுவயதிலேயே பழகிப்போயிற்று. இதை இப்போது எடுத்துச் சொல்லக் காரணம், கிரிக்கெட்.

எங்கள் தெருமுனைத் தேநீர்க்கடையில் 2024ஆம் ஆண்டுக் காலண்டர் அட்டை ஒன்று இன்னமும் தொங்குகிறது. தாள் ஒன்றுகூட மிச்சமில்லை. மேலே இருக்கும் படத்துக்காக வைத்திருக்கிறார்கள். 2023 மே மாதம் வென்ற கோப்பையோடு மஞ்சள் உடையில் நிற்கிறது சென்னை சூப்பர் கிங்ஸ். 2025 நவம்பர் 15 அன்று அந்த அட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் செய்தியைக் கேட்டோம். ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குப் போகிறார்கள். பதிலுக்கு சஞ்சு சாம்சன் சென்னைக்கு வருகிறார். "பெத்த பிள்ளைய வித்துப்புட்டாங்க" என்றார் ஒரு பெரியவர். கடையில் மறுத்துப் பேச ஆளில்லை. நானும் அன்று பேசவில்லை. இங்கே பேசுகிறேன்.

ஜடேஜாவை விற்றதில் எனக்குக் குறையில்லை. விற்கத் தாமதித்ததில்தான் குறை. அந்தத் தாமதத்தில் பாதிப் பங்கு நிர்வாகத்துக்கு என்றால், மீதிப் பாதி மஞ்சள் சட்டை போட்டுக்கொண்ட நமக்கு.

*

நட்சத்திரங்களை விற்றுவிட்டு அணியை அடித்தளத்திலிருந்து கட்டுவது என்ற எண்ணம் நமக்குப் புதிது. அமெரிக்கக் கூடைப்பந்துக்காரர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. 2019 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி, பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தது. முந்தைய பருவத்தில் சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம் பெற்றவர் அவர். ஜார்ஜே போக விரும்பினார் என்பது உண்மைதான். ஆனாலும் அணி அழுதுகொண்டிருக்கவில்லை. உச்ச விலை கேட்டது. பதிலாக ஷே கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரையும், வருங்கால ஆண்டுகளில் புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் ஐந்தையும் பெற்றது. சில நாட்களில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் விற்கப்பட்டார். அடுத்த ஆண்டுகளில் அந்த அணி அடிவாங்கியது. 2021-22 பருவத்தில் 82 ஆட்டங்களில் 24 மட்டுமே வென்றது. 2025 ஜூனில் அதே அணி சாம்பியன் ஆனது. அந்த இளைஞர்தான் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்.

இதைக் கேட்டுவிட்டு, விற்பதே வித்தை என்று நினைப்பவர்களுக்கு ஃபிலடெல்ஃபியாவின் கதையையும் சொல்லவேண்டும். அந்த அணி 2013 முதல் திட்டமிட்டே தேய்ந்தது. மூன்று பருவங்களில் முறையே 19, 18, 10 வெற்றிகள். கடைசியில் வரும் அணிக்குச் சிறந்த புதுமுகத்தைப் பெறும் வாய்ப்பு அதிகம் என்பது அங்குள்ள விதி. அந்த விதியை நம்பித் தோற்றார்கள். அடுத்த ஒன்பது பருவங்களில் தங்கள் பகுதியின் இறுதிச் சுற்றைக்கூட அவர்கள் எட்டவில்லை.

நம் ஐபிஎல்லில் அந்த ஆறுதலும் கிடையாது. கடைசியில் வந்தவனுக்கு இங்கே பரிசில்லை. பத்தாவது வந்த அணியும் முதலாவது வந்த அணியும் ஒரே ஏலக் கூடத்தில் பணத்தோடு உட்காரவேண்டும். ஆகவே இங்கே தோற்று வளரமுடியாது. மற்றவர்களுக்கு முன்னால் ஓர் இளைஞனைக் கண்டுபிடித்து, அவன் நிற்பதற்கு இடம் ஒழித்துக் கொடுப்பது ஒன்றே வழி. இடத்தை ஒழிக்கவேண்டுமானால் அங்கே ஏற்கெனவே நிற்பவர் நகரவேண்டும். பழையவர் நல்ல விலைபோகும்போதே நகர்ந்தால் அவருக்கும் மரியாதை, அணிக்கும் லாபம்.

சென்னையின் கணக்கைப் பாருங்கள். 2025 பருவத்துக்கு ஜடேஜாவைத் தக்கவைத்த விலை 18 கோடி. விற்றபோது அவர் போன விலை 14 கோடி. வயது 37ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. கூடவே கரனையும் கொடுக்கவேண்டியிருந்தது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தாரே, அதற்கடுத்த மாதங்களில் அவரைக் கொடுத்திருந்தால் எதிர்த்தரப்பு எதைத்தான் தந்திருக்காது? அப்படி ஒரு யோசனையை அன்று யாராவது சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம் என்பதும் எனக்குத் தெரியும்.

*

தாமதத்தின் வரலாறு 2020ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு சென்னை முதன்முறையாகப் பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழையாமல் ஏழாவதாக முடித்தது. இளைஞர்களுக்கு ஏன் வாய்ப்பில்லை என்று கேட்டபோது, அவர்களில் சிலரிடம் பொறி எதுவும் தென்படவில்லை என்ற பொருளில் அணித்தலைவர் தோனி பதில் சொன்னார்.

பொறியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களிடம் கேட்டிருக்கலாம். தீக்குச்சியின் தலையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு மருந்து. பெட்டிக்குள் படுத்திருக்கும் குச்சியில் பொறியைத் தேடினால் கிடைக்காது; உரசிப் பார்க்கவேண்டும். வெளியேறுவது ஏறக்குறைய முடிவானபின், இழக்க ஒன்றுமில்லாத நிலையில், ருதுராஜ் கெய்க்வாட்டை உரசிப் பார்த்தார்கள். தொடர்ந்து மூன்று அரைசதங்கள் அடித்தார். மறு ஆண்டு 635 ஓட்டங்களோடு தொடரிலேயே முதலாவதாக வந்தார். சென்னை கோப்பையை வென்றது. 'கிழவர்களின் படை வென்ற கோப்பை' என்று 2021ஐ இன்றும் கொண்டாடுகிறோம். அந்தப் படையின் முன்னணியில் நின்றவனுக்கு வயது 24.

2022ல் அணி ஒன்பதாவது. தலைமையை ஜடேஜாவிடம் கொடுத்து, பாதியில் திரும்ப வாங்கி, தோனியிடமே சேர்த்தார்கள். அதுதான் எச்சரிக்கை. 2023ன் கோப்பை அந்த எச்சரிக்கையை மூடி மறைத்துவிட்டது. 2024ல் ஐந்தாவது. 2025ல் 14 ஆட்டங்களில் 4 வெற்றி, வரலாற்றில் முதன்முறையாகப் பத்தாவது. சேப்பாக்கத்தில் மட்டும் அடுத்தடுத்து ஐந்து தோல்விகள்.

அந்த 2025லும் ஒரு வேடிக்கை உண்டு. பருவத்தின் பிற்பகுதியில் அணிக்கு உயிர் கொடுத்த ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரேவிஸ், உர்வில் படேல் மூவருமே ஏலத்தில் திட்டமிட்டு எடுக்கப்பட்டவர்கள் அல்லர். காயம்பட்டவர்களுக்கு மாற்றாக நடுவில் சேர்க்கப்பட்டவர்கள். 17 வயது மாத்ரே, பெங்களூரில் 48 பந்துகளில் 94 அடித்தார். கடைசி ஆட்டத்தில் பிளே ஆஃப் சுற்றை உறுதிசெய்திருந்த குஜராத்தைச் சென்னை 83 ஓட்டங்களில் வீழ்த்தியது. அணியின் மறுகட்டுமானம் எலும்பு முறிவின் தயவில் நடந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

*

என்னைத் தூங்கவிடாத கணக்கு வேறொன்று.

2023ன் இறுதி ஆட்டத்தில் எல்லோருக்கும் ஜடேஜாவின் கடைசி இரண்டு பந்துகள் நினைவிருக்கின்றன. அதற்குச் சில மணி நேரம் முன்பு, அதே ஆட்டத்தில், சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்தவர் யார்? சாய் சுதர்சன். சென்னையில் பிறந்தவர், தமிழ்நாட்டுக்காக ஆடுபவர். 2022 ஏலத்தில் குஜராத் அவரை அடிப்படை விலையான 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்த விலை 21.6 லட்சம். ஐபிஎல் விலையைவிட உள்ளூர் விலை அதிகம்! அந்தப் பையனின் மதிப்பு கோவைக்குத் தெரிந்திருக்கிறது, அகமதாபாத்துக்குத் தெரிந்திருக்கிறது, சேப்பாக்கத்துக்குத் தெரியவில்லை. 2025ல் அவர் 759 ஓட்டங்களோடு தொடரின் முதல் மட்டையாளராக வந்தார். அந்த ஆண்டு சென்னை பத்தாவது.

இது ஒற்றை நிகழ்ச்சியானால் விட்டுவிடலாம். வருண் சக்கரவர்த்தி சென்னை அணியின் வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். 2024 மே 26 அன்று கொல்கத்தாவின் உடையில், அதே சேப்பாக்கத்தில், கோப்பை வென்ற அணியில் நின்றார். சாய் கிஷோர் இரண்டு ஆண்டுகள் சென்னை அணியில் இருந்தும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கப்படாமல் குஜராத்துக்குப் போனார். சேலத்துச் சின்னப்பம்பட்டியின் நடராஜனை முதலில் அழைத்தது பஞ்சாப். இவர்கள் எல்லோரும் ஊர்ப்பாசத்துக்காகச் சென்னையில் ஆடியிருக்கவேண்டும் என்று நான் வாதிடவில்லை. திறமைக்கு ஊர் கிடையாது. ஆனால் தன் கொல்லையில் விளைவதையே பார்க்காத கண், பிற மாநிலத்தில் விளைவதை எப்படிப் பார்க்கும்? 2010லும் 2011லும் சென்னை கோப்பைகளை வென்றபோது அணியில் முரளி விஜய் இருந்தார், பத்ரிநாத் இருந்தார், அஸ்வின் இருந்தார். அன்று அவர்கள் யாரும் நட்சத்திரங்கள் அல்லர். இடம் இருந்தது, வந்தார்கள், நின்றார்கள்.

*

மறுப்புகளுக்கு வருகிறேன்.

முதல் மறுப்பு, விசுவாசம். பன்னிரண்டு பருவங்கள் உழைத்தவரை இப்படி அனுப்பலாமா? இந்த அணி ஒரு குடும்பம் அல்லவா? நெகிழவைக்கும் சொல்தான். ஆனால் 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது சென்னை கை தூக்கவில்லை. வேறு எவரும் தூக்கவில்லை. அதுவரை இந்த அணிக்காக மிக அதிக ஓட்டங்கள் குவித்தவர் விற்காத சரக்காக வீடு திரும்பினார். அதோடு ஒப்பிட்டால், விலை பேசி, தான் முதன்முதலில் 2008ல் கோப்பை வென்ற ராஜஸ்தானுக்கே ஜடேஜா போவது எவ்வளவோ கௌரவமானது. காலத்தே கொடுப்பதும் ஒரு விசுவாசம்தான்.

இரண்டாவது, அனுபவம் வெல்லும் என்பது. வெல்லும், மறுக்கவில்லை. 2018ல் வாட்சன் இறுதி ஆட்டத்தில் சதமடித்தபோது அவருக்கு வயது 36. ஆனால் ஒருமுறை விளைந்தது என்பதற்காக அதே நிலத்தில் உரமில்லாமல் ஏழு முறை விதைக்கக்கூடாது. 2025 பருவத்துக்காக 9.75 கோடி கொடுத்து அஸ்வினைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே அவர் ஐபிஎல்லிலிருந்து விடைபெற்றார். அவருடைய மேதைமையில் எனக்கு ஐயமில்லை. வீடு திரும்புதல் என்ற கதை நமக்குப் பிடித்திருந்தது. அந்தக் கதைக்குக் கொடுத்த விலை அது.

மூன்றாவது மறுப்புதான் பலமானது. நட்சத்திரம் போனால் கூட்டம் போய்விடும், வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள். இதற்குக் கொல்கத்தா பதில் சொல்லியிருக்கிறது. 2011 ஏலத்தில் அந்த அணி சௌரவ் கங்குலியை எடுக்கவில்லை. வங்காளத்தில் கங்குலி யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. தெருவில் இறங்கினார்கள், தாதா இல்லையேல் அணி இல்லை என்றார்கள். அணி அசையவில்லை. கௌதம் கம்பீரை எடுத்தது. மறு ஆண்டு சுனில் நரைனைக் கண்டெடுத்தது. 2012 மே 27 அன்று முதல் கோப்பையை வென்றது. எங்கே? சேப்பாக்கத்தில். யாரிடமிருந்து? நம்மிடமிருந்து. கொண்டாட்டத்துக்கு ஈடன் தோட்டம் நிரம்பி வழிந்தது. கங்குலியின் இடம் வங்காள மனத்தில் அணுவளவும் குறையவில்லை. இரண்டும் ஒருசேர நடக்கும் என்று நாம் ஏன் நம்ப மறுக்கிறோம்?

*

நம்ப மறுப்பதற்குக் காரணம், நாம் ஆட்டத்தைப் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம். 2025 மார்ச் 28 இரவை நினைவுகூருங்கள். பெங்களூர் நிர்ணயித்த இலக்கு 197. ஆட்டம் கைவிட்டுப் போனபின் ஒன்பதாவது இடத்தில் தோனி வந்தார். கடைசி ஓவரில் சிக்ஸர் அடித்தார். அன்றுதான் ரெய்னாவைக் கடந்து சென்னைக்காக அதிக ஐபிஎல் ஓட்டங்கள் எடுத்தவரானார். அரங்கம் அதிர்ந்தது. அணி 50 ஓட்டங்களில் தோற்றிருந்தது. 2008க்குப் பிறகு அந்த மைதானத்தில் பெங்களூரிடம் முதல் தோல்வி. வென்றவர்கள் திகைத்திருப்பார்கள், தோற்றவர்கள் ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று.

தோனி வரவேண்டும் என்பதற்காகத் தன் அணியின் விக்கெட் விழக் காத்திருக்கும் கூட்டம் உலகில் வேறெங்கும் உண்டா? தான் ஆட்டமிழக்க வேண்டுமென்று கூட்டம் காத்திருப்பதை ஜடேஜாவே 2023ல் சிரித்துக்கொண்டே சொன்னார். இன்று அவரை விற்றுவிட்டார்கள் என்று அழும் கண்கள் அன்று அவர் வெளியேறுவதைப் பார்க்கத் துடித்த கண்கள்தாம். எங்கள் தேநீர்க்கடையும் இதில் அடக்கம்; நானும் அடக்கம்.

எங்கள் ஊருக்குச் சிலப்பதிகாரத்தில் ஓரிடம் உண்டு. தங்கால் என்ற பெயரில், கட்டுரை காதையில் வருகிறது. வார்த்திகன் என்னும் அந்தணனை அரச ஊழியர் தவறாகச் சிறையிடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை அழுது புரள்கிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. பாண்டியன் அது ஏன் என்று விசாரிக்கிறான். தவறு தெரிந்ததும் வார்த்திகனை விடுவித்து, மன்னிப்புக் கேட்டு, தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கிறான். மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் இந்தக் கதையைச் சொல்கிறது. பாண்டியரின் தவறுகள் இரண்டு. ஒன்றில் கதவு மூடிக்கொண்டபோதே அரசன் கேட்டான்; நாடு பிழைத்தது. மற்றொன்றில் உணர்ந்தபோது காலம் கடந்திருந்தது. கிரிக்கெட்டுக்குக் காப்பியமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். சென்னைக்கு 2022ல் கதவு மூடியது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

*

இனி என்ன செய்யவேண்டும்? சாம்சன் வந்ததை மறுகட்டுமானம் என்று அழைப்பதை முதலில் நிறுத்துவோம். அணிக்கு விக்கெட் காப்பாளர் தேவை. அவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் 31 வயது நட்சத்திரத்தை 18 கோடிக்கு எடுப்பது பழைய படத்தின்மேல் புதுப் படம் ஒட்டுவது. உண்மையான மாற்றம் 2025 டிசம்பர் ஏலத்தில் நடந்தது. நாட்டுக்காக ஒருமுறைகூட ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரையும் தலா 14.20 கோடிக்குச் சென்னை எடுத்தது. ஒருவருக்கு வயது 20, மற்றவருக்கு 19. விலை மிகை என்றுதான் நினைக்கிறேன். திசை சரி.

அவர்கள் தோற்பார்கள். ஒரு பருவமாவது தடுமாறுவார்கள். அப்போது 'ஜடேஜா இருந்திருந்தால்' என்று நாம் ஊளையிடாமல் இருந்தால் அதுவே இந்த மறுகட்டுமானத்துக்கு நம் பங்கு. தோனியைப் பொறுத்தவரை, எப்போது நிறுத்துவது என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவரிடம் கற்கவேண்டியது ஏராளம். அதைக் கற்பிக்க ஆடுகளத்துக்கு வெளியே ஒரு நாற்காலி போதும். உள்ளே நிற்கும் பதினொன்றில் ஓரிடம் என்பது ஒரு பையனின் வாழ்க்கை.

அந்தப் பையனை எனக்குத் தெரியும் என்பதால்தான் இவ்வளவு கோபம். ஞாயிற்றுக்கிழமைகளில், லாரிகள் நிற்காத நேரம் பார்த்து, அச்சகத்துக்குப் பின்னாலிருக்கும் கரிசல் பொட்டலில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில்கூட விருதுநகர் மாவட்டத்தின் பெயரில் அணி கிடையாது. அவர்களில் ஒருவன் இடக்கையால் சுழல்பந்து வீசுகிறான். ஜடேஜாவைப் பார்த்துக் கற்றது. ஓடிவருவதிலிருந்து மீசையைத் தடவுவதுவரை அப்படியே. அவன் மிகச் சாதாரணமான ஆட்டக்காரனாகவே முடிந்துபோகலாம். ஆனால் அவனைவிடச் சிறந்த ஒருவன் சாத்தூரிலோ அருப்புக்கோட்டையிலோ இருந்தால், அவனைத் தேடி யாராவது ஆடி மாதத்திலேயே கிளம்பியிருக்கவேண்டும்.

தேநீர்க்கடைக்காரரிடம் அந்த அட்டையைக் கழற்றச் சொல்லப்போவதில்லை. படம் நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் இந்த ஆண்டின் காலண்டர் ஒன்றை மாட்டச் சொல்லவேண்டும். காலண்டர் அச்சிடும் ஊரில், இன்றைக்கு என்ன தேதி என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அழகில்லை.